சுங்கை பட்டாணியில் நான் பார்க்காத அம்மா

மூன்று வருடங்களுக்கு முன், ஜூலை பள்ளி விடுமுறையில், ஆக்லாந்தின் மழைக்கும் குளிருக்கும் தப்பிக் குடும்பமாக மலேசியாவுக்குப் போனோம். காடு, கடல், கோயில், சாப்பாடு என்று எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்குள் பார்த்து முடிக்கப் பட்டியல் போட்டவள் நான்தான். விடுமுறைக்குப் போனாலும் மணிக்கூட்டைக் கழற்ற மாட்டாள் என்று வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள்.

அந்தப் பட்டியலில் இன்னொருத்தியின் வேலையும் ஒன்று இருந்தது. மவுண்ட் ரோஸ்கில் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்த மலேசியத் தமிழ்ப் பெண் அவள். அவளுடைய அம்மா மலேசியாவில் சுங்கை பட்டாணி என்ற ஊரில் தனியாக இருந்தார். அவள் ஊருக்குப் போய் நான்கு வருடமாகியிருந்தது. நியூசிலாந்தில் நிரந்தரமாகத் தங்க ரெசிடென்ஸ் விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள். இடையில் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. பால்மா டின், இரண்டு நைட்டி, ஒரு போத்தல் தேன் போட்ட பையை என்னிடம் தந்தாள்.

"பை முக்கியமில்ல லா அக்கா. அம்மாவ கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுங்க. போன்ல கேட்டா நல்லாருக்கேன்னுதான் சொல்றாங்க. வீடியோவுல வரச் சொன்னா கேமரா கெட்டுப்போச்சுங்கிறாங்க. அவங்களுக்குச் சரியில்லைனா விசா போனாலும் போவட்டும், நான் கிளம்பிருவேன்."

பினாங்கிலிருந்து லங்காவித் தீவுக்கு ஃபெரிக் கப்பல் ஏறப் போகும் வழியில்தான் அந்த ஊர். நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் பத்து நிமிடம். காலையில் முதல் வேலையாக அங்கே போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் வாடகைக் கார் ஓட்டிய தமிழ்த் தம்பி, இப்போது டுரியான் பழ சீசன் என்று வாயை விட்டுவிட்டார். உடனே தோட்டத்துக்கு விடச் சொன்னோம். மரத்தடியில் உட்கார்ந்து, ஒரு பழம் இரண்டாகி, இரண்டு நாலாகி, கை கழுவி எழும்பும்போது பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது.

"ஊருக்குள்ள போனா ஃபெரி போயிரும் அக்கா. பைய குடுங்க, திரும்பி வரும்போது நானே குடுத்துர்றேன்" என்றார் அவர். மனம் கொஞ்சம் குறுகுறுத்தது. ஆனாலும் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் லங்காவியில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய்க்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து செய்தி வந்தது. பையைக் கொடுத்தாயிற்று, அந்த அம்மா படுத்திருந்தார், பக்கத்து வீட்டுப் பெண் வாங்கிக்கொண்டார் என்று. மத்தியானத் தூக்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மேலே கழுகுகள் சுற்றிக்கொண்டிருந்தன. படம் எடுக்கச் சொல்லிப் பிள்ளைகள் கூப்பிட்டார்கள், எடுத்தேன்.

திரும்பி வந்து முதல் நாள் வேலைக்குப் போனபோது மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தோடுதான் போனேன். அவள் ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அம்மா சொன்னாங்க அக்கா. வீட்டுக்கு வந்தீங்களாம், ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தீங்களாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவம், என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார் என்று அந்த அம்மாவுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

"எப்படி இருக்காங்க அக்கா?"

"ஓம், நல்லா இருக்கிறா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "வாசல் கேற் வரைக்கும் நடந்து வந்துதான் எங்களை அனுப்பினவ" என்றும் சொன்னேன். யாரும் கேட்காத பொய் அது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப விசா வரட்டும். தீபாவளிக்குப் போறேன்" என்றாள்.

செப்டம்பரில் அவளுடைய அம்மா இறந்துவிட்டார். மறுநாளே எடுத்துவிட்டதால் அவளால் போய்ச் சேர முடியவில்லை. அவளுடைய வாடகை வீட்டில், அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் இறுதிச் சடங்கைப் போனில் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண் அழுதுகொண்டே சொன்னது தெளிவாகக் கேட்டது. சர்க்கரையால் காலில் வந்த புண் ஆறவில்லையாம். அஞ்சு மாதமாகப் படுத்த படுக்கையாம். மகளுக்குச் சொல்லவே கூடாது என்று சத்தியம் வாங்கினாராம். அந்த அம்மா காப்பாற்றியது என் மானத்தை அல்ல, மகளின் விசாவை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நீங்க பாத்தீங்கல்ல அக்கா?"

"நான் போகேல்லை" என்றேன். டுரியான், ஃபெரி என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன், எனக்கே கேட்கக் கூசியது.

அவள் சத்தம் போடவில்லை. போனைப் பார்த்தபடியே, "பாக்கலைன்னு சொல்லிருந்தாக்கூட நான் போயிருப்பேன்" என்றாள். பிறகு அவள் என்னோடு பேசவில்லை. கொஞ்ச நாளில் வேலையை விட்டுப் போய்விட்டாள். எத்தனையோ செய்திகள் அனுப்பினேன், எதற்கும் பதில் இல்லை. அதில் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது.

எங்கள் முதியோர் இல்லத்துக்கு இப்போதும் எங்கெங்கோ இருந்தெல்லாம் பிள்ளைகள் போன் செய்து, அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்பார்கள். அவர்கள் கேட்கிற அம்மாவை ஐந்து நிமிடம் முன்புதான் பார்த்திருந்தாலும், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, அறைக்குப் போய் முகத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்கிறேன். அப்படித் திரும்பி வந்து போனை எடுக்கிற ஒவ்வொரு முறையும், என் கண்ணை நம்பிக் காத்திருந்த ஒருத்திக்கு இதைச் செய்யாமல் போனேனே என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.