கத்திரி நட்ட வெள்ளிக்கிழமை

வியாழக்கிழமை மதியம் மேனேஜர் என் பேப்பரைத் திருப்பித் தந்தார். "மாஃபி" என்றார். முடியாது என்பதற்கு அரபியில் அந்த ஒரு வார்த்தையோடு சரி. அதற்கு மேல் விளக்கம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அல் கூஸில் ஒரு குடோனில் நான் ஸ்டோர் கீப்பர். அது பார்க்கிற வேலை. விசாவில் என் தொழில் ஹெல்பர். ஹெல்பர் விசாவை வைத்துக்கொண்டு மனைவியைக் கூட வைத்துக்கொள்ள ஃபேமிலி விசா எடுக்க முடியாது. தொழிலை மாற்றித் தாருங்கள் என்று மூன்று மாதம் அந்த மனிதர் பின்னாலேயே அலைந்தேன். அன்றைக்கு அது முடிந்துபோனது.

மனைவி அப்போது இரண்டு மாத விசிட் விசாவில் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கல்யாணமாகி நான்கு வருடம். என் லீவையெல்லாம் கூட்டினாலும் நாங்கள் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தது நான்கு மாதம் தேறாது. அவள் வருகிறாள் என்றுதான் கராமாவில் எட்டுப் பேரோடு இருந்த பேச்சிலர் ரூமை விட்டுவிட்டு, குடோனிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு பழைய வில்லாவில் ஓர் அறை எடுத்திருந்தேன். "விசா மாறிடும், நீ இங்கேயே இருந்துடலாம்" என்று வந்த அன்றே அளந்தும் விட்டிருந்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

வார விடுமுறை வியாழன் பாதியும் வெள்ளி முழுவதுமாக இருந்த காலம் அது. அந்த ஒன்றரை நாளில் வில்லாவின் பின்பக்கம் பாத்தி போட்டுவிட வேண்டும் என்று அவள் வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வீட்டுக்குப் போனபோது கடப்பாரையோடு நின்றாள். நைட்டிக்கு மேல் என் பழைய சட்டையை மாட்டியிருந்தாள்.

"மேல ஒரு சாண்தாங்க இறுக்கம். கீழ நல்ல பொடி மணலு. எரு கலந்தா கத்திரி ஜோரா வரும். நாத்தா வாங்கிட்டு வாங்க. விதை போட்டா ரொம்ப நாளாகும்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?" என்றாள்.

"மேனேஜர் வரல. சனிக்கிழமை கேக்கணும்."

சொல்லிவிட்டு உடனே கிளம்பிவிட்டேன். எங்கே இன்னொரு கேள்வி வந்துவிடுமோ என்று பயம்.

செடிக் கடையில் கத்திரி நாற்றுத் தட்டின் முன்னால் வெகுநேரம் நின்றேன். நட்டுக் காய் பறிக்க இரண்டு மாதமாவது ஆகும். அவளுக்கு மிச்சம் ஐந்து வாரம். வெண்டையும் ஒரு வார வித்தியாசத்தில் தவறிவிடும். அவள் கையாலேயே பறிக்கக்கூடியது கீரை ஒன்றுதான். கடைக்கார பட்டாணியர் என் யோசனையைப் பார்த்துவிட்டு, "அபி லேட் ஹை, பாய். மே மே சப் கலாஸ்" என்றார். மார்ச்சில் நட்டால் மே வெயிலில் எல்லாம் கருகிவிடும் என்கிறார். ஆளைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. வீட்டில் சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டது. இரண்டு மூட்டை எருவும் கீரை விதையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

"வெயில் வந்துட்டா கத்திரி நிக்காதாம். கடைக்காரன் சொல்றான்."

"கீரையா?" என்றாள். பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரி." சாமான் லிஸ்ட்டில் கடுகை மறந்துவிட்டு வந்தால் அரை மணி நேரம் வாங்கிக்கட்டிக்கொள்கிறவன் நான். அந்த "சரி" எனக்குப் பிடிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மண்ணைச் சலித்தோம். சல்லடைக்கு எங்கே போவது? உடைந்த டேபிள் ஃபேனின் முன்பக்கக் கம்பிவலையைக் கழற்றினாள். டைல்ஸ் துண்டு, சிமெண்ட் கட்டி, பெப்சி மூடி என்று வந்துகொண்டே இருந்தது. எருவைக் கலந்து, குடோனில் சரக்கு அடுக்கும் பேலட்டிலிருந்து எடுத்துவந்த பலகையால் வரப்புக் கட்டினோம். கீரை விதையை மணலில் பிசறித் தூவி, துடைப்பத்தால் மேலாகத் தடவிவிட்டாள். அவள் குனிந்து நிமிரும்போதெல்லாம் நான் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். இந்தச் சட்டையை, இந்த மண் ஒட்டிய முழங்கையை, டூட்டி முடிந்து வந்து தினமும் பார்க்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இது என்ன பெரிய ஆசையா என்று மேனேஜர் மேல் ஆத்திரமாக வந்தது.

பாதிப் பாத்தியில் அவள் விதைக்கவில்லை.

"இது?"

"அது கெடக்கட்டும்" என்றாள்.

அந்த வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு என்னால் மத்தியானச் சோறு சாப்பிட முடியவில்லை. ஜும்ஆ தொழுகை முடிந்து கடை திறந்ததும் ஓடிப்போய் ஆறு கத்திரி நாற்று வாங்கி வந்தேன். அவள் அவற்றை வாங்கி நிழலில் வைத்தாள். வெயில் தாழும்வரை பொறுத்திருந்து, ஒவ்வொன்றாக நட்டு, தூரில் மண்ணை அணைத்து, தண்ணீர் விட்டாள். கடைசி நாற்றை நட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"இப்பவாவது சொல்லுங்க."

"என்னத்த?"

"மேனேஜர் சொன்னத. ஆமான்னு சொல்லியிருந்தா குடோன்லேர்ந்தே பக்கத்து ரூம் போனுக்கு அடிச்சிருப்பீங்க. வீடு வர்ற வரைக்கும் உங்களால வாயில அடக்கி வைக்க முடியுமா?"

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

"தெரிஞ்சும் எதுக்கு கத்திரிய நட்ட?"

"நான் இல்லாதப்ப நீங்க சாப்பிட வேணாமா?" என்றாள். எழுந்து குழாயடிக்குப் போனாள். கை கழுவினாள், முகம் கழுவினாள், மறுபடியும் முகம் கழுவினாள். குழாயை மூட வெகுநேரம் ஆனது.

கீரையை இரண்டு தடவை அறுத்துக் கடைந்து சாப்பிட்டோம். ஏப்ரலில் அவள் ஊருக்குப் போனாள். நான் கராமா ரூமுக்கே திரும்பினேன். வில்லா அறைக்குப் புதிதாக வந்தவர்களிடம் கெஞ்சி, டூட்டி முடிந்ததும் அங்கே போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு பஸ் பிடிப்பேன். பட்டாணியர் சொன்னது பொய்யில்லை. நான்கு செடிகள் கருகின. மே கடைசியில் மற்ற இரண்டிலும் செடிக்கொன்றாக இரண்டு காய் கிடைத்தன. எட்டுப் பேர் இருந்த ரூமில் அவற்றை நானே சமைத்து, யாருக்கும் கொடுக்காமல் நானே தின்றேன்.

வெள்ளிக்கிழமை போன் கார்டு வாங்கி அவளுக்கு அடித்தேன்.

"ரெண்டு காய்ச்சுச்சு."

"சாப்பிட்டீங்களா? எப்படி இருந்துச்சு?"

"நல்லாருந்துச்சு."

"பொய். அந்த வெயில்ல கசந்துல்ல இருக்கும்."

"கசப்புதான்" என்றேன்.

அவளும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. கார்டு தீரும்வரை அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.