குக்கபரா ஒட்டிய கதவு

மெர்வின் ட்ரேகரும் அவர் மனைவி ரோண்டாவும் முப்பத்தோரு வருஷமாக ஒரே கட்டிலில்தான் படுத்தார்கள். ஆனால் முறை வைத்து. ஆஸ்திரேலியாவில் வார்விக் என்ற ஊரில் மெர்வினுக்கு ரொட்டிக்கடை. ராத்திரி பதினொன்றுக்கு எழுந்து போனால், மாவு பிசைந்து, பன்னும் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை'களும் அடுக்கிவிட்டு விடிகாலை ஐந்தரைக்குத் திரும்புவார். பள்ளிப் பேருந்து ஓட்டும் ரோண்டா அப்போதுதான் எழுவாள். தான் படுத்திருந்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டுப் போர்வையைத் தூக்கிப் பிடிப்பாள். அவர் அந்தச் சூட்டுக்குள் நுழைந்துகொள்வார். கடை இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் உடம்பு பதினொன்றுக்கு எழுப்பிவிடும். அவள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாமென்று பின்பக்கக் கொட்டகையில் போய் உட்கார்ந்துவிடுவார். ஆக, இருவரும் சேர்ந்து கண்விழித்த காலை என்று ஒன்று அவர்கள் வாழ்க்கையில் கிடையாது.

கடையை விற்று மூன்று மாதமாகியும் உடம்புக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. குடும்பத்தோடு ஆறு ராத்திரி கப்பல் சுற்றுலா போனால் மாறும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஒரே ஒரு காலை, அவள் பக்கத்தில் விழித்தால் போதும். அறுபத்து மூன்று வயதில் இதை யாரிடம் சொல்வது? ரோண்டாவிடம்கூடச் சொல்லவில்லை.

பிரிஸ்பேனில் கப்பல் கிளம்பியதுமே மெர்வினின் அக்கா ஜாய்லீன் நாட்டாமையை ஆரம்பித்துவிட்டாள். குடும்பத்துக்கு மூன்று அறை. ஒன்றுக்குக் கடல் பார்த்த பால்கனி, மற்ற இரண்டுக்கும் ஜன்னலே இல்லை. பால்கனி எல்லோருக்கும் இரண்டிரண்டு ராத்திரி என்பது பேச்சு. அக்கா புருஷன் டெஸ் குறட்டை விடுகிறவர், மெர்வின் ராத்திரி தூங்காதவர். அதனால் அந்த இருவரும் ஒரே இருட்டறைக்குள். ஜாய்லீனும் ரோண்டாவும் முதலில் பால்கனி. ஜாய்லீனின் மகள் டாம்சினும் அவள் ஐந்து வயதுக் குழந்தை பிப்பாவும் எதிரறை. இதில் யாராவது குறை சொல்ல முடியுமா?

கப்பலில் கதவெல்லாம் இரும்பு, பார்க்க ஒரே மாதிரி. சொந்த அறையைக் கண்டுபிடிக்க ஆளாளுக்குக் காந்தப் பொம்மை ஒட்டிவைப்பார்கள். ட்ரேகர் குடும்பத்துக்கு ஒரு குக்கபரா, சிரிக்கிற மாதிரி கத்தும் அவர்கள் ஊர்ப் பறவை. பால்கனி அறைக் கதவில், முறைக்காரர் பெயர்ச் சீட்டைப் பிடித்தபடி அது இருக்கும். மூன்றாம் நாள் பிப்பா சீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு பால்கனி அறைக்கு வந்தாள், ஜாய்லீனும் ரோண்டாவும் எதிரறைக்குப் போனார்கள். மெர்வின் மட்டும் டெஸ்ஸோடு இருட்டில் கிடந்தார். அங்கே பகலும் இல்லை, இரவும் இல்லை. கப்பல் ஆடும்போது தொட்டிலில் கிடப்பது போலிருக்கும். கையை நீட்டினால் ரோண்டாவின் சூடு கிடைக்குமென்று தூக்கத்தில் தோன்றும். கிடைப்பது டெஸ்ஸின் குறட்டை.

ஐந்தாம் நாள் மதியச் சாப்பாட்டில், கடைசி இரண்டு ராத்திரியும் தனக்கே என்று ஜாய்லீன் முடிவே செய்துவிட்டாள். மெர்வின் பூசணி சூப்பில் கரண்டியை வைத்தார்.

"என் முறையை நானே எடுத்துக்கறேன், ஜாய்."

"பகல்ல தூங்கறவனுக்கு பால்கனி எதுக்குடா?"

"ரோண்டாவும் என்கூட வரா."

"அப்ப டெஸ்ஸ யார்கூட படுக்க வைக்கிறது?"

"அவரு உன் புருஷன். இத்தனை வருஷமா எங்க படுத்தாரோ, அங்கயே படுக்கட்டும்."

டெஸ் உருளைக்கிழங்கை ரொம்பக் கவனமாக வெட்டினார். ரோண்டா தலை நிமிரவில்லை, ஆனால் அவள் காது சிவந்திருந்ததை மெர்வின் பார்த்தார். அன்று மாலை குக்கபராவை அவரே பிய்த்தெடுத்து, தன் பெயரும் ரோண்டா பெயரும் எழுதிய சீட்டின் மேல் ஒட்டினார்.

முதல் ராத்திரி வீண். உடம்பு பதினொன்றுக்கே எழுப்பிவிட்டது. பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து அலைச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவர், விடிகிற நேரத்தில் அப்படியே தூங்கிப்போனார். ஒன்பது மணிக்குக் கண்விழித்தால் மேலே ஒரு துண்டு போர்த்தியிருக்கிறது, ரோண்டா டீ குடிக்கப் போய்விட்டாள். அழுகை வந்துவிட்டது அவருக்கு. இனி மிச்சம் ஒரே காலை.

அன்று பகலில் கண்ணை மூடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தார். மேல்தளத்தைப் பதினான்கு தடவை சுற்றினார். பிப்பா அவரை நீர்ச்சறுக்கில் நாலு தடவை தள்ளிவிட்டாள். கடல் மினுமினுத்து மினுமினுத்து அவரைத் தூங்கு தூங்கு என்றது. அவர் தன் கையைக் கிள்ளிக்கொண்டார். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் செருப்போடு கட்டிலில் விழுந்தவர்தான், பதினொரு மணி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

கண் திறந்தபோது திரைச்சீலை சாம்பல் நிறத்திலிருந்து மெல்ல ரோஜா நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. கப்பல் போகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. மணி ஐந்தரை. பக்கத்தில் ரோண்டா எழுந்து உட்கார்ந்தாள். கண் இன்னும் மூடித்தான் இருந்தது. ஒரு காலைத் தரையில் வைத்து, படுத்திருந்த இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டு, போர்வையைத் தூக்கிப் பிடித்தாள்.

"எங்க போற?" என்றார்.

"நீ வர்ற நேரமாச்சே…"

"நான் வந்தாச்சு, ரோண்டா. நீ படு."

அவள் கண்ணைத் திறந்து அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு சாய்ந்தாள். இருவர் தலையும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டன.

"தள்ளிப் படு. நான் நடுவுலயே படுத்துப் பழகிட்டேன்."

"நானும்தான்."

கட்டிலில் தன் பக்கம் எது என்று இருவருக்குமே தெரியவில்லை.