கஞ்சி போட்ட கைச்சட்டை

வேர்வையும் தேங்காயெண்ணெயும் ரப்பரும் கலந்த ஒரு வாசனை, மருந்துக்கடைப் பக்கம் போனால் இன்றைக்கும் எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறுகிறது. உடனே என் வலது கை, நான் சொல்லாமலேயே நீண்டு நிமிர்ந்துகொள்கிறது. நான்காம் வகுப்புப் படித்த வருஷம் முழுக்க அந்த வாசனைக்குள்தான் என் கை குடியிருந்தது.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு, நகரிப் பக்கத்து உறவுக்காரர்கள் காவடியோடு திருத்தணியில் எங்கள் வீட்டில் வந்து இறங்கிய காலையில், அவர்கள் குளிக்கக் காய்ச்சிய வெந்நீர் அண்டாவைத் தட்டிக்கொண்டு விழுந்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் வரை வெந்துபோனது. புண் ஆறியதும் எல்லோரும் அப்பாடா என்றார்கள். சங்கடமே அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. புதுத்தோல் சிவந்து தடித்து, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு முழங்கையை மடக்கப் பார்த்தது. மின்சார ரயிலேறி சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே அளவெடுத்து, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் துணியில் ஒரு கைச்சட்டை தைத்துக் கொடுத்தார்கள். குளிக்கிற நேரம் போக இரவும் பகலும் ஒரு வருஷம் போட்டிருக்க வேண்டும், அந்த அழுத்தம்தான் தழும்பைப் படிய வைக்கும், விட்டுவிட்டால் கை மடங்கினது மடங்கினதுதான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பக்கத்து வீட்டில் இருந்த அம்மாவின் தங்கை, மங்கம்மா சித்தி, பார்த்ததும் வாயில் கை வைத்து, அக்கா புருஷனான என் அப்பாவிடம் கேட்டாள்: “இன்னா பாவா இது, பொடலங்காய்க்குக் கல்லு கட்டின மாதிரி புள்ள கைய இறுக்கி வெச்சிகினு கீறீங்க? ரத்தம் ஓட வேணாமா?”

“பொடலங்காயும் நேராத்தானே வளருது,” என்றார் என் அப்பா. அவரை நாங்கள் ‘நைனா’ என்போம்.

நைனாவுக்குத் தாலுக்கா ஆபீஸ் எதிரில் இஸ்திரி வண்டி. வக்கீல்களின் வெள்ளைச் சட்டைகளும் குமாஸ்தாக்களின் வேட்டிகளும் அவர் கையில்தான் விறைத்து நிமிரும். துணிகளில் வீட்டுக்கு வீடு குறி போட வைத்திருக்கும் சேங்கொட்டை மையால், எங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு கோடு போட்டிருந்தார். ஞாயிறுதோறும் கைச்சட்டையைக் கழற்றித் துவைக்கும் வேளையில், தரையில் போட்ட குறியில் நான் கால் வைத்து நின்று, கையை நீட்டி அந்தக் கோட்டைத் தொட வேண்டும். தொட்டால் கை மடங்கவில்லை என்று அர்த்தம். தொட்டதும் அம்மா விடும் மூச்சு, அடுப்படியில் இருந்தாலும் எனக்குக் கேட்கும்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ‘ஒத்தக்கை சொக்கா’ என்று பேர் வைத்தார்கள். ஒரு ஞாயிறு அதைச் சொல்லி அழுதேன். சாயங்காலம் நைனா கைச்சட்டையைச் செய்தித்தாளில் சுற்றி, வக்கீல் வீட்டுத் துணி மாதிரி பக்குவமாகக் கொண்டுவந்து நீட்டினார். ஜவ்வரிசிக் கஞ்சியில் முக்கி, நிழலில் காய வைத்து, கரிப்பெட்டியால் தேய்த்திருந்தார். ஒரு சுருக்கம் இல்லை. “இனிமே எந்தப் புள்ள சிரிக்குதுன்னு பாக்கறேன்,” என்றார்.

போட்டுக்கொண்டேன். முதல் நாள் மொடமொடவென்று இருந்தது. மறுநாள் கஞ்சி உதிர்ந்ததும் தொளதொளவென்று ஆனது. சூடு பட்டு அந்தத் துணியின் பிடி செத்துப்போயிருந்தது. இறுக்கம் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் நமைச்சல் இல்லை, வலி இல்லை, ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு கோட்டுக்கும் என் விரல் நுனிக்கும் நடுவில் இரண்டு விரற்கடை இடைவெளி.

“இன்னும் நீட்டு கண்ணு,” என்றார் நைனா. நீட்டினேன். கயிறு இழுத்தது. அம்மா கைச்சட்டையை எடுத்து இழுத்துப் பார்த்தாள், நீண்டது, சுருங்கவில்லை. “தேய்ச்சியா? எலாஸ்டிக்கப் போயி தேய்ச்சியா? ஊர் துணிய தேய்ச்சி தேய்ச்சி புத்தியே தேஞ்சி போச்சா உனுக்கு?” நைனா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

புதுச் சட்டை வர ஒரு மாசம் ஆகும் என்றார்கள். அதுவரை எலாஸ்டிக் கட்டுத்துணி. எப்படிக் கட்டுவது என்று ஆஸ்பத்திரியில் நைனாவுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். விரல் முட்டியில் ஆரம்பித்து மேலே போக வேண்டும், ஒரு சுற்று முந்திய சுற்றின் பாதியை மூட வேண்டும், கீழே இறுக்கம், மேலே போகப் போகக் கொஞ்சம் தளர்வு. வண்டியைத் திறப்பதற்கு முன் ஒரு தடவை, மத்தியானம் வண்டியைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்து ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. கட்டி முடித்ததும் என் நகத்தை அமுக்குவார். வெளுத்த நகம் மறுபடி சிவக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

“இறுக்கமாத்தான கீது?”

“ஆங்.”

“மரத்துப் போவலையே?”

“இல்ல நைனா.”

இதைத் தவிர அந்த மாசம் அவர் வேறென்ன பேசினார் என்று எனக்கு நினைவில்லை. புதுச் சட்டை வந்தது. இரண்டு விரற்கடை ஒன்றாகி, ஒன்று அரையாகி, பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிறு மறுபடியும் கோட்டைத் தொட்டேன். தழும்பு படிந்து இன்று கிட்டத்தட்ட தோலோடு தோலாகிவிட்டது. முழங்கை மடிப்பில் புளியங்கொட்டை அளவு மேடு மட்டும் நின்றுவிட்டது. அந்த மேட்டைப் பார்த்தால் நைனா பேச்சை மாற்றிவிடுவார். கஞ்சி போட்ட கதையை எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

வீட்டை இடித்துக் கட்டியதில் சுவரோடு கோடும் போயிற்று. காலமெல்லாம் வண்டியோரம் நின்றதில் நைனாவின் கால் நரம்புகள் சுருண்டு, வீங்கி, கணுக்காலில் புண்ணும் வந்து ஆறியது. இப்போது அவருக்கும் ஒரு இறுக்கக் காலுறை. காலையில் கட்டிலை விட்டுக் காலை இறக்குவதற்கு முன்பே, வீக்கம் சேருவதற்குள், நான்தான் மாட்டிவிடுகிறேன். போன வாரம் மாட்டிக்கொண்டிருந்தபோது மெல்லச் சொன்னார்: “தொவைக்கும்போது பாத்துக்கோ கண்ணு. கஞ்சி கிஞ்சி போட்டுடப் போற.”

இத்தனை வருஷத்தில் முதல் தடவை. என் கை நின்றுவிட்டது. “அப்பவே லூசா ஆயிடுச்சு நைனா,” என்றேன். “எனக்குத் தெரியும். சொகமா இருந்துச்சேன்னு சொல்லாம விட்டுட்டேன்.”

அவர் என்னைப் பார்த்தார்; மேட்டைப் பார்த்தார்; பிறகு காலை என் மடிப்பக்கம் இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

“நான் ஒடனே சொல்லிடறேன் பாரு. கணுக்கால்ட்ட லூசா கீது. நல்லா இழுத்து வுடு.”