நைட்டி பாக்கெட்டில் என் நடை

பைபாஸ் முடிந்த மூன்றாம் மாதம் நான் மறுபடி மனிதனாக ஆரம்பித்திருந்தேன். வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி வகுப்பு. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ட்ரெட்மில்லில் ஏற்றுவார்கள். பிசியோ பெண் திரையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். மாதக் கடைசியில் ஒரு சோதனை: வராந்தாவில் இரண்டு பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே ஆறு நிமிடம் நடக்க வேண்டும். ஏழு முறை போய்வந்தேன். "இன்னும் ரெண்டு மாசம் சார், உங்க மூணாவது மாடி கிளாஸுக்கு நீங்களே ஏறிடலாம்" என்றாள். நான் பள்ளி ஆசிரியன். எனக்கு வேண்டியிருந்தது அந்த மூன்றாவது மாடிதான்.

பிறகு ஊரடங்கு வந்தது. வகுப்பை மூடினார்கள். நடக்கப் போகும் அல்சூர் ஏரிக்கரையையும் பூட்டினார்கள். காக்ஸ் டவுனில் எங்கள் வீடு இரண்டே அறை. "வீட்டுக்குள்ளயே நடங்க சார். எத்தனை அடின்னு போன்லயே காட்டும், தினம் வாட்ஸப்ல அனுப்புங்க" என்றாள் பிசியோ. நாலு நாள் நடந்தேன். ஒயர் இல்லை, பார்க்க ஆளில்லை. நெஞ்சு கொஞ்சம் படபடத்தாலே பயம் பிடித்துக்கொண்டது. இந்த நேரத்தில் ஏதாவது ஆனால் எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள்? உட்கார்ந்துவிட்டேன். பள்ளிப் பாடத்தையும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தே நடத்தினேன். எழுந்திருப்பதே அலுப்பாகிவிட்டது.

ஒருநாள் மனைவி பாட்டு கேட்க என் போனை நைட்டி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டு வேலை பார்த்தாள். சாயங்காலம் பார்த்தால் ஏழாயிரம் அடி. அப்படியே அனுப்பிவிட்டேன். "சூப்பர் சார்!" என்று பதில் வந்தது, கைதட்டும் பொம்மையோடு. மறுநாளிலிருந்து நானே பாட்டுப் போட்டுப் போனை அவளிடம் கொடுத்தேன். "என்னங்க, திடீர்னு பாசம் பொங்குது?" என்று கிண்டல் செய்தாள். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன்.

ஒன்றரை வருடம் கழித்துத்தான் வகுப்பைத் திறந்தார்கள். மனைவியும் கூட வந்தாள். அதே ஆறு நிமிட நடையில் மூன்றாவது முறை திரும்பும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். "ஸ்வல்ப... கொஞ்சம் உக்காருங்க சார்" என்று பிசியோ நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிறகு நான் அனுப்பிய எண்களைத் தன் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். முகம் மாறியது.

"தினம் ஏழாயிரம், எட்டாயிரம் நடந்திருக்கீங்க. அப்படியும் இவ்ளோ மூச்சு வாங்குதுன்னா நல்லதில்ல சார். டாக்டர்கிட்ட சொல்லி மறுபடி ஆஞ்சியோ எடுத்துடலாம்."

இனி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. "அது நான் நடந்ததில்லம்மா" என்றேன். "போன் இவங்ககிட்ட இருந்துச்சு."

பிசியோ திட்டியிருந்தால் தேவலை. பழைய சார்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். மூணாவது மாடி இந்த வருஷம் வேண்டாம் சார்" என்றாள். சேர்த்த பலத்தையெல்லாம் நாற்காலியிலேயே தொலைத்திருக்கிறேன். அழுகை வந்தது.

மனைவி பிசியோவின் போனை வாங்கிப் பார்த்தாள். "இவ்ளோவா நடந்திருக்கேன்?" என்றாள். "அந்த ரெண்டு ரூமுக்குள்ளயா?" அவள் குரலில் கோபம்கூட இல்லை.

அந்த ஒன்றரை வருடத்தில் முழங்கால் வலிக்கிறது என்று அவள் எத்தனையோ தடவை சொன்னாள். வீட்டிலேயே இருக்கிற உனக்கு என்ன வலி என்று ஒவ்வொரு தடவையும் கேட்டேன்.