மச்சாள் வாசித்த மன்றாட்டு

மச்சாள், என் கணவரின் அக்கா, திருமணத்தின் வழியாக இத்தாலியக் குடியுரிமை எடுத்த காலத்தில் மொழிச் சோதனை இல்லை. நான் விண்ணப்பித்தபோது சட்டம் மாறியிருந்தது. முதல் சோதனையில் தவறிவிட்டேன்.

அந்த ஞாயிறு பூசையில் மச்சாள் மன்றாட்டு வாசித்தார்: "இத்தாலியன் சோதனையில் தவறிய என் தம்பியின் மனைவிக்கு ஆண்டவர் புத்தியைத் தர வேண்டுமென்று மன்றாடுவோம்." பலேர்மோத் தமிழ்ச் சனம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

மறுமுறை சித்தியடைந்தேன். சில மாதங்களில், இத்தாலியன் வாசிக்கத் தெரியாத மச்சாள் ஒரு கடிதத்தோடு வந்தார்.

"இதிலை என்ன கிடக்கு எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லும்."

அடையாள அட்டையைப் புதுப்பிக்கச் சொல்லும் சாதாரணக் கடிதம்.

"உங்கடை குடியுரிமையைத் திரும்ப விசாரிக்கப் போயினமாம். மொழி தெரியுமோ எண்டும் பார்ப்பினமாம்," என்றேன்.

மூன்று கிழமை அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு நன்றாக இறங்கியது. பிறகு, "நான் போய்க் கதைச்சுச் சரியாக்கிப்போட்டன்," என்றேன்.

அடுத்த ஞாயிறு, தன்னைக் காப்பாற்றிய தம்பி மனைவிக்காக மச்சாள் குரல் தழுதழுக்க மன்றாடினார். நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும்தான். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயிலில் எல்லோரும் சொன்னார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னது நான்.