அப்புத்தளைக்கு நடந்து போன ரயில்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்து வாசியுங்கள். வாயால் சொல்லக் கூச்சம், அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்தோம். எனக்கு எட்டு வயது இருக்கும். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். அவள் கைநீட்டி வாங்குவதற்குள், செடிக்குள் இருந்த கூடு அசைந்து குளவி கலைந்துவிட்டது. அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து என்மேல் போட்டு, அதன்மேல் தானும் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். எனக்குச் சில கொட்டுகள்தான். அம்மா ஒரு கிழமை, ஏழு நாளும், ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

வீக்கம் வற்றியது; பயம் வற்றவில்லை. ஓர் ஈ பறந்தாலும் கட்டிலுக்கடியில் போய்விடுவேன். பள்ளிக்கூடப் பாதை தேயிலைக்குள் போவதால் பள்ளிக்கூடம் நின்றது. அம்மா வேலைக்குக் கிளம்பினால் சேலையைப் பிடித்துக்கொண்டு கத்துவேன். அவளுடைய வேலையும் நின்றது. தாயத்து கட்டினார்கள், விபூதி போட்டார்கள். ஈக்கு அதெல்லாம் தெரியவில்லை.

கடைசியில் அம்மாவின் தம்பியான மாமா, என்னைப் போர்வையில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் இருந்தார். ஊசி போடவில்லை.

"குளவிக்கூட்டை எடுத்தாச்சோ?"

"ஆமாங்க, அன்னைக்கே எரிச்சாச்சு" என்றார் மாமா.

"அப்ப ஒவ்வொரு நாளும் கொஞ்சத் தூரம் கூட்டிக்கொண்டு போங்கோ. பயம் வந்தால் திரும்பி ஓட விடாதேங்கோ, இழுக்கவும் வேண்டாம். அது குறையுமட்டும் அதிலேயே நில்லுங்கோ. பிறகு அடுத்த இடம்."

மாமா அதைப் பதுளையிலிருந்து புறப்படும் ரயிலாக்கிவிட்டார்; நிற்கிற இடமெல்லாம் ஸ்டேஷன். நாங்கள் குடியிருந்த லயத்து வாசல் பதுளை. தண்ணீர் பிடிக்கும் பீலி ஹாலிஎல. கோயில் தெமோதரை. கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா எல்ல. குளவி கலைந்த இடத்துத் தேயிலைச்செடி அப்புத்தளை. நான் இன்ஜின், அவர் கார்டு.

"ரயிலு பின்னுக்குப் போகாது மாப்புள. சிக்னல் விழுகிற மட்டும் நிப்போம்."

சிக்னல் என்றால் என் நெஞ்சுப் படபடப்பு அடங்குவது. பீலியடியில் அழுதுகொண்டே நின்றேன், அடங்கியது. அது தானாக அடங்கும் என்பதே எனக்குப் பெரிய புதினம். எல்லயில் பல நாட்கள் நின்றுவிட்டோம். வேலைக்குப் போகிற பெண்கள் கேலி பண்ணாமல் விடவில்லை.

"என்னா கார்டு, இன்னமும் எல்லயிலயா? எண்ணெ தீந்துபோச்சா?"

"ஏறுறதுன்னா ஏறுங்கக்கா. இல்லாட்டி ரோட்ட விடுங்க."

ஒருநாள் அந்தச் செடி கண்ணுக்குத் தெரிந்தது. அதிலேயே நின்றேன். வண்டொன்று காதோரம் இரைந்து போனது. படபடப்பு ஏறி, உச்சியில் நின்று, மெல்ல இறங்கியது. நானே நடந்துபோய் ஒரு கொழுந்தைக் கிள்ளி உயர்த்திக் கத்தினேன்:

"அப்புத்தளேய்!"

எதிர்மலையில் பறித்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் ரயில்போலக் கூவினார்கள். கங்காணியும் கூவினார்.

மறுநாள் அம்மா கூடையை மாட்டிக்கொண்டு அந்த மலைக்கே போனாள். அவள் பின்னால் மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகத் தேயிலைக்குள் இறங்கினார்கள். குளவி கலைந்த நாள்முதல், கங்காணி எவ்வளவு ஏசியும் ஒருத்திகூட அங்கே கால் வைக்கவில்லையாம். புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. எனக்கோ கோபம். என் ரயிலில் இத்தனை பேர் டிக்கெட் இல்லாமல் ஏறுகிறார்களே என்று மாமாவிடம் முறையிட்டேன். அவர்களும் நெஞ்சு அடங்கட்டும் என்று இவ்வளவு நாளும் காத்து நின்றவர்கள்தான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

எழுதி முடித்தது, மாட்டுப்பொங்கலன்று பின்னேரம்.