சித்தீகா தலையாட்டாத காலை

வடக்குத்து ஊரில் சித்தீகாவுக்குப் பெயர் பீடிக்காரன் பெண்டாட்டி. அவள் புருஷன் யாசின் ஆயுசில் பீடியைத் தொட்டதில்லை.

காடாம்புலியூர்ப் பக்கம் மாசி மாதம் முந்திரித் தோப்பில் சருகைக் கூட்டிக் கொளுத்திவிடுவார்கள். அப்போதுதான் உதிரும் கொட்டை கண்ணில் படும். நெய்வேலியிலிருந்து போகும் பெரிய மின்கம்பிக்கு அடியில் மரம் வைக்கக் கூடாது. அந்த வெட்டவெளி, கொளுத்துவதற்கென்றே விட்ட இடம் போலத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் ராஜேந்திரன் தன் தோப்புச் சருகை அங்கேதான் குவித்துக் கொளுத்தினார். புகை அடர்ந்தால் அதன் வழியே மின்சாரம் தரைக்கு இறங்கும். கம்பிக் காவலுக்கு வந்திருந்த யாசின் தீயை அணைக்க ஓடினான், உயிரோடு திரும்பவில்லை. விசாரணையில் ராஜேந்திரன், "அந்தப் பையன் பீடியப் போட்டான், பத்திகிச்சு" என்று முடித்துக்கொண்டார்.

சித்தீகா அவன் பார்த்த அதே கம்பிக் காவல் காண்டிராக்ட் வேலையைக் கேட்டு வாங்கினாள். கம்பிக்கு எட்டத்தில் குவியல், சுற்றிலும் மண் தெரியக் கூட்டிய தரை, கைக்கெட்டும் தண்ணீர், கம்பிப் பக்கம் போகாத காற்று. இத்தனையும் பார்த்து அவள் தலையாட்டினால்தான் தீக்குச்சி. இந்த மாசியில் ராஜேந்திரனின் தோப்பு அவள் முறைக்கு வந்தது.

காலையில், சருகு கூட்டும் பெண்கள் பார்த்திருக்க, ஒரு பிடி மண்ணை உதிர்த்தாள். மண் கிழக்கே, கம்பிக்கு எதிர்ப்புறம் பறந்தது.

"காத்து சரியில்லைங்க" என்றாள் ராஜேந்திரனிடம்.

"நேத்தும் இதையே சொன்ன. கொட்டை உதிந்துகினு இருக்குதும்மா!"

"யாசின் பீடி குடிக்கலன்னு இவங்க எதிர்ல சொல்லுங்க. காத்து சரியாவும்."

ராஜேந்திரன் காறித் துப்பிவிட்டு நகர்ந்தார். சருகு கூட்டும் கலியம்மாள் சித்தீகாவின் காதருகே வந்தாள். "மண்ணு எந்தப் பக்கம் போச்சின்னு எனக்கும் கண்ணு இருக்குது. உன் பழிக்கு எங்க பொழப்பா?"

சித்தீகா நேற்றுச் சொன்னது நிஜம். இன்று சொன்னது பொய்.

உச்சி வெயிலில் கடல்காற்று கம்பிப் பக்கம் திரும்பியது. இனிமேல்தான் கொளுத்தவே கூடாது. பொறுமையிழந்த ராஜேந்திரன் அப்போதுதான் குவியலில் குச்சியைக் கிழித்துப் போட்டார். பொறி பறந்து கம்பியடியில் காய்ந்திருந்த புல்லைப் பிடித்தது. கம்பிக்கு அந்தப் பக்கமும் அவர் தோப்புதான். பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு புகைக்குள் ஓடினார், யாசின் ஓடியது போலவே.

"ஐயோ, கூப்புடுடீ!" என்று கலியம்மாள் அலறினாள்.

சித்தீகா அசையாமல் நின்றாள். இதற்காகத்தானே வந்தாள்? காலையில் தலையாட்டியிருந்தால் இந்தத் தீயே இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அது அவளைச் சுடவில்லை. வேறொன்று சுட்டது. இந்த ஆள் செத்துவிட்டால், சொல்ல வேண்டிய வாயும் சேர்ந்து வெந்துவிடும்.

"வெளிய வா! கிளையப் போட்டுட்டு வெளிய வாய்யா!"

அவர் தடுமாறி வெளியே வந்து விழுந்தார். பின்னால் கம்பி வெடித்தது போலச் சத்தம். வெள்ளை வெளிச்சம் ஒன்று புகை வழியே இறங்கி மண்ணைக் கீறியது. கூட்டுமாரைப் போட்டுவிட்டுப் பெண்கள் ஓடி வந்து சூழ்ந்தார்கள்.

சித்தீகா அவருக்குத் தண்ணீர் தரவில்லை. தலைமாட்டில் நின்றாள்.

"இப்ப சொல்லு."

"அவன்... பீடி குடிக்கல."

"இவங்களுக்குக் கேக்கல. சத்தமா."